தைலத்துக்கு அடங்குமா, மருந்துக்கு அடங்காத கிருமி?

“எந்த ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காத கிருமியை நம் சமையலறைக் கிராம்பு கொன்றுவிட்டது” என்ற வகையான செய்திகள் வாட்ஸ்அப்பில் மாதம் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன. நான் மருத்துவமனை ஒன்றின் நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்பதால், அனுப்புகிற உறவினர்களும் நண்பர்களும் “இது உண்மையா?” என்ற கேள்வியையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். பெரும்பாலும் உண்மைதான் என்று நான் பதில் எழுதும்போது அவர்களுக்கு வியப்பாக இருக்கிறது. பொய்யென்று சொல்வேன் என எதிர்பார்த்திருப்பார்கள். கிராம்பு, ஓமம், இலவங்கப்பட்டை, ஆஸ்திரேலிய மரமான டீ ட்ரீ ஆகியவற்றின் நறுமண எண்ணெய்கள் ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டில் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களைக் கொல்கின்றன என்பதை உலகின் பல நாடுகளில் பலமுறை செய்து பார்த்திருக்கிறார்கள். கிருமி எங்கே செத்தது, எவ்வளவு எண்ணெயில் செத்தது என்ற இரண்டு விவரங்களைத்தான் அந்தச் செய்திகள் விட்டுவிடுகின்றன. அவற்றைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவைக்கலாம் என்று தோன்றியது.

சிங்கப்பூரில் அரசாங்க மருத்துவமனை ஒன்றில் வீட்டுப் பெரியவர்களைச் சேர்த்திருப்பவர்களுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற பெயர் பழக்கமானதாகவே இருக்கும். பெனிசிலின் குடும்பத்து மருந்துகளுக்கு அடங்காத ஒரு தோல் கிருமி அது. சேர்ந்தவுடன் தாதி வந்து பஞ்சுக் குச்சியால் மூக்குத் துவாரம், அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களைத் துடைத்தெடுத்துப் போவார். அந்தக் குச்சிகள் எங்களைப் போன்றவர்களின் மேசைக்கு வந்து, நிறம் காட்டும் தட்டுகளில் பூசப்பட்டு, மறுநாள் காலையில் வாசிக்கப்படுகின்றன. நோயாளிக்குக் காய்ச்சலோ புண்ணோ இல்லாவிட்டாலும் கிருமி தோலில் குடியிருந்தால் அவரைத் தனியாகவோ அதே கிருமி உள்ளவர்களோடு ஒரே அறையிலோ வைக்கிறார்கள். மருந்துக்கு அடங்காத கிருமிகளால் நேரடியாக இறந்தவர்கள் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் 1.27 மில்லியன் பேர் என்று பின்னர் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இத்தகைய கிருமிகளை எதிர்கொள்ளும் தன் தேசியச் செயல்திட்டத்தைச் சிங்கப்பூர் 2017 நவம்பரில் அறிவித்தது. மனிதர், விலங்கு, உணவு, சுற்றுச்சூழல் என நான்கையும் அது ஒன்றாகப் பார்க்கிறது. புதிய ஆன்டிபயாடிக்குகளோ மிக மெதுவாகவே வருகின்றன. இந்த நிலையில் தாவரங்களின் பக்கம் ஆராய்ச்சியாளர்கள் திரும்புவதில் தவறேதும் இல்லை.

நறுமண எண்ணெய்க்கு எம்.ஆர்.எஸ்.ஏ. ஏன் அடங்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டும் நொதிகளில் போய் ஒட்டிக்கொண்டு கட்டுமானத்தை நிறுத்துகின்றன. ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற சாதாரணத் தோல் கிருமி, அந்த மருந்து ஒட்ட முடியாத வேறொரு நொதியைத் தயாரிக்கும் மரபணுவை வெளியிலிருந்து பெற்றுக்கொண்டபோது எம்.ஆர்.எஸ்.ஏ. ஆயிற்று. கிராம்பில் உள்ள யூஜினால், ஓமத்தில் உள்ள தைமால், ஆரிகனோவில் உள்ள கார்வக்ரால், டீ ட்ரீயில் உள்ள டெர்பினென்-4-ஓல் ஆகியவை அந்த நொதியின் பக்கமே போவதில்லை. அவை கொழுப்பில் கரையும் சிறு மூலக்கூறுகள். பாக்டீரியாவின் கொழுப்புச் சவ்வுக்குள் நேரே புகுந்து அதன் அடுக்கைக் குலைக்கின்றன. பொட்டாசியம் வெளியே கசிகிறது, சவ்வின் இரு பக்கமும் இருந்த மின்னழுத்த வேறுபாடு சரிகிறது, ஆற்றல் உற்பத்தி நிற்கிறது. ஆகவே பெனிசிலினுக்கு அடங்குகிற ஸ்டஃபிலோகாக்கஸும் அடங்காததும் ஏறத்தாழ ஒரே அளவு எண்ணெயில் சாகின்றன.

ஆனால் கொழுப்புச் சவ்வு நம்முடைய செல்களுக்கும் உண்டு. செல்சுவர் நமக்கு இல்லாததால்தான் பெனிசிலினை இரத்தத்தில் ஏற்ற முடிகிறது. சவ்வைக் குலைக்கும் எண்ணெய்க்கு அப்படிப்பட்ட பாகுபாடு மிகக் குறைவு. மருந்து எதிர்ப்பை எண்ணெய் எந்த வழியாகத் தாண்டிப் போகிறதோ, அதே வழியில்தான் நம் உடம்புக்கும் கெடுதல் வருகிறது. இந்தத் துறையின் முழுச் சிக்கலும் இதிலிருந்தே பிறக்கிறது என்பது என் எண்ணம்.

எல்லாக் கிருமிகளும் ஒரே மாதிரி அடங்குவதும் இல்லை. சூடோமோனாஸ் எருஜினோசா என்ற கிருமி நீண்டநாள் புண்களிலும், தீக்காயங்களிலும், செயற்கை சுவாசத்தில் இருப்பவர்களின் நுரையீரலிலும் தொல்லை கொடுப்பது. அதன் தட்டைத் திறந்தால் பழுத்த திராட்சையின் வாசனை வீசும். பச்சை நிறம் தட்டெங்கும் ஊறியிருக்கும். இதற்குக் கூடுதலாக ஒரு வெளிச்சவ்வு இருக்கிறது. உள்ளே நுழைந்ததை வெளியே இறைத்துத் தள்ளும் புரதக் குழாய்களும் இருக்கின்றன. பல ஆன்டிபயாடிக்குகளை வெளியேற்றும் அதே குழாய்களில் ஒன்று டீ ட்ரீ எண்ணெயையும் வெளியேற்றுகிறது. மருத்துவர்களை மிகவும் தவிக்கவைக்கும் கிருமிகளில் ஒன்றிடமே எண்ணெய் வலுவிழந்துபோகிறது என்பதை அந்தப் பரவல் செய்திகள் எதிலும் நான் கண்டதில்லை.

இனி அந்தத் தட்டு. பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்த நாளில் என் திட்டப்பணி இதுவாகவே இருந்தது. இன்றும் மாணவர்கள் இதை விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள். வைக்கோல் நிறத்தில் இருக்கும் முல்லர்-ஹின்டன் அகார் (கிருமிகள் வளர்வதற்கான கூழ்) ஊற்றிய தட்டில் கிருமிக் கரைசலைப் பஞ்சுக் குச்சியால் மூன்று திசைகளில் சீராகப் பூச வேண்டும். 6 மில்லிமீட்டர் அகலமுள்ள வட்டக் காகிதத் துண்டை நடுவில் வைத்து அதன்மேல் சிறிதளவு எண்ணெயை விட்டு, 35 டிகிரி செல்சியஸ் வெப்பப்பெட்டியில் இரவு முழுவதும் வைக்க வேண்டும். காலையில் பெட்டியைத் திறந்ததும் கிராம்பு வாசனை முகத்தில் அடிக்கும். காகிதத்தைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் கண்ணாடிபோல் தெரியும். அந்த வட்டத்தைப் பார்த்துப் பூரிக்காத மாணவர் இருக்க முடியாது. எனக்கும் அன்று தரையில் கால் பாவவில்லை.

அந்த வட்டத்தை அளந்து ஒரு முடிவுக்கு வருவதுதான் கடினம். ஆன்டிபயாடிக் நீரில் கரைந்து அகாருக்குள் ஒழுங்காகப் பரவும். வட்டம் இத்தனை மில்லிமீட்டர் என்றால் நோயாளிக்கு இந்த மருந்து வேலைசெய்யும் என்று சொல்வதற்கு, பல்லாண்டுகளாகச் சேர்த்த நோயாளிகளின் தரவுகளிலிருந்து வகுத்த அட்டவணைகள் இருக்கின்றன. எண்ணெய் நீரோடு சேராது. ஒரு பகுதி அகாரின் மேற்பரப்பில் வழிகிறது. இன்னொரு பகுதி ஆவியாகி மூடியில் படிந்து, அருகில் வைத்த வேறு எண்ணெயின் வட்டத்தையும் பெரிதாக்கிவிடுகிறது. பெரிய வட்டம் காட்டிய எண்ணெய் வலிமையானதா, வெறுமனே நன்றாக ஆவியாகக்கூடியதா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் கவனமான ஆய்வாளர்கள் எண்ணெயைத் திரவ ஊடகத்தில் பல அளவுகளில் கலந்து, கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அங்கும் எண்ணெயை நீரில் கலக்க ட்வீன் 80 போன்ற, எண்ணெயையும் நீரையும் சேர்த்துவைக்கும் ஒரு பொருள் தேவைப்படுகிறது. அது எண்ணெயின் வீரியத்தையே சிறிது மாற்றிவிடும். எண்ணெய்களுக்கென்று மருத்துவப் பயனோடு இணைத்து வகுக்கப்பட்ட எல்லை அளவுகள் கிடையா. “பெனிசிலினைவிடப் பெரிய வட்டம்” என்று எழுதுகிறவர்கள் ஒப்பிட முடியாத இரண்டை ஒப்பிடுகிறார்கள்.

அளவைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டீ ட்ரீ எண்ணெய் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸைத் தடுக்கத் தேவைப்படும் அளவு சுமார் அரை விழுக்காடு, சில வகைகளுக்கு ஒரு விழுக்காட்டுக்கும் மேல். அரை விழுக்காடு என்பது ஒரு மில்லிலிட்டருக்குச் சுமார் 4,500 மைக்ரோகிராம். எம்.ஆர்.எஸ்.ஏ.வுக்கு மருத்துவமனைகளில் கொடுக்கும் வான்கோமைசின், மில்லிலிட்டருக்கு 2 மைக்ரோகிராம் அல்லது அதற்கும் குறைவான அளவிலேயே தடுத்துவிட்டால்தான் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்கியது என்று அறிக்கையில் எழுதுகிறோம். இரண்டுக்கும் நடுவே இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் இடைவெளி. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். பெரியவர் ஒருவரின் உடம்பில் ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அதில் அரை விழுக்காடு என்றால் 25 மில்லிலிட்டர், அதாவது கடையில் விற்கும் 10 மில்லிலிட்டர் சிறு குப்பிகளில் இரண்டரைக் குப்பி. கல்லீரல் துளிகூட வெளியேற்றாது, இரத்தப் புரதங்கள் எதையும் பிடித்துவைக்காது, திசுக்களுக்குள் கொஞ்சமும் போகாது என்று வைத்துக்கொண்டால்தான் இந்தக் கணக்கே நிற்கும். 10 மில்லிலிட்டருக்கும் குறைவான டீ ட்ரீ எண்ணெயை விழுங்கிய இரண்டு வயதுகூட நிறையாத குழந்தை அரை மணி நேரத்தில் தள்ளாடி நடக்க முடியாமல் போனது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆரிகனோ, ஓமம், இலவங்கப்பட்டை ஆகியவற்றின் எண்ணெய்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே போதுமென்றாலும், இரத்தத்தில் ஓடும் தொற்றுக்கு அவற்றைக் கொடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லாத தொலைவில்தான் அவையும் இருக்கின்றன.

தோலின் கதை வேறு. தோலின்மேல் 5 விழுக்காடு, 10 விழுக்காடு என்று பூச முடியும்; தேவையான அளவைப் போல் பத்து மடங்கை அங்கே எளிதில் எட்டலாம். எம்.ஆர்.எஸ்.ஏ. குடியிருப்பதும் மூக்கிலும் தோலிலும்தான். ஆகவே நோயாளிகளிடம் நடந்த ஒழுங்கான சோதனைகள் இந்தப் பக்கத்திலிருந்தே வந்திருக்கின்றன. 2004இல் இங்கிலாந்தில் வெளியான ஒரு சோதனையில் எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ள 224 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான மியூபிரோசின் என்ற ஆன்டிபயாடிக் மூக்குக் களிம்பும், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த குளியல் சோப்பும், புண்களுக்கு சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பும். மறுபிரிவுக்கு 10 விழுக்காடு டீ ட்ரீ களிம்பும் 5 விழுக்காடு டீ ட்ரீ குளியல் திரவமும். முடிவில் முதல் பிரிவில் 49 விழுக்காட்டினரிடமும் இரண்டாம் பிரிவில் 41 விழுக்காட்டினரிடமும் கிருமி நீங்கியிருந்தது. புள்ளியியல்படி இந்த வேறுபாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. உள்ளே பார்த்தால்தான் சுவை இருக்கிறது: மூக்கில் மியூபிரோசின் 78 விழுக்காடு, டீ ட்ரீ 47 விழுக்காடு, அதாவது மருந்து தெளிவாக வென்றது, தோலின் மேற்பரப்பிலும் புண்களிலும் டீ ட்ரீ முன்னே நின்றது.

அதைப் படித்துவிட்டு எல்லோரையும் டீ ட்ரீ திரவத்தால் குளிப்பாட்டினால் கிருமி ஒட்டாமலேயே தடுக்கலாமே என்று தோன்றுவது இயல்பு. வட அயர்லாந்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இருந்த 391 நோயாளிகளிடம் இதையே சோதித்து 2013இல் வெளியிட்டார்கள். ஒரு பாதியினருக்கு 5 விழுக்காடு டீ ட்ரீ திரவம், மறுபாதியினருக்குக் கடையில் கிடைக்கும் சாதாரணக் குழந்தைக் குளியல் திரவம். புதிதாக எம்.ஆர்.எஸ்.ஏ. ஒட்டிக்கொண்டவர்களின் எண்ணிக்கையில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை. வந்த கிருமியை அகற்றுவதற்கு உதவுகிற ஒன்று, வராமல் தடுப்பதற்கு உதவவில்லை. பரவல் செய்திகளில் முதல் சோதனை எப்போதாவது வரும், இரண்டாவது வந்து நான் பார்த்ததில்லை.

சித்தப்பாவுக்கு எம்.ஆர்.எஸ்.ஏ. இருப்பதாக மருத்துவமனையில் சொல்லி அனுப்பியபோது தம்பி, அதாவது அவருடைய மகன், என்னைத் தொலைபேசியில் அழைத்தான். “அக்கா, டீ ட்ரீ ஆயில் வாங்கி அப்பாவுக்குத் தேய்க்கட்டுமா? இயற்கைதானே, கெடுதல் ஒன்றும் வராதே?” என்று கேட்டான். அவர்கள் கொடுத்தனுப்பிய கழுவு திரவத்தையும் மூக்குக் களிம்பையும் சொன்ன நாள்வரை விடாமல் பயன்படுத்தும்படியும், துண்டையும் படுக்கை விரிப்பையும் மாற்றித் துவைக்கும்படியும், அவரைத் தொட்ட பிறகு கையைக் கழுவும்படியும் சொன்னேன். சித்தப்பாவின் காலில் நீரிழிவுப் புண் ஒன்று இருந்தது. அதன்மேல் நீர்த்துப்போகாத எந்த எண்ணெயையும் வைக்கக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருந்தது. மற்றபடி கிருமி தோலில் இருப்பது வேறு, அதனால் நோய் வருவது வேறு என்று விளக்கியதும் அவனுக்குப் பாதிக் கவலை குறைந்துவிட்டது.

எண்ணெய்கள் ஏற்கெனவே நிலையான இடம் பிடித்திருக்கும் துறைகளும் உண்டு என்பதை நியாயமாகச் சொல்ல வேண்டும். பல் மருத்துவரின் அறைக்குள் நுழைந்ததும் வரும் அந்த வாசனை, துத்தநாக ஆக்சைடோடு யூஜினாலைக் குழைத்துச் செய்யும் தற்காலிகப் பற்பூச்சினுடையது. 1879இல் உருவான லிஸ்டரின் வாய்க்கழுவி தைமால், யூகலிப்டால், மெந்தால், மெத்தில் சாலிசிலேட் ஆகிய நான்கையும் ஆல்கஹாலில் கரைத்தது. பல் துலக்குவதோடு சேர்த்துப் பயன்படுத்தினால் பற்படலமும் ஈறு வீக்கமும் குறைகின்றன என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. முகப்பருவுக்கு 5 விழுக்காடு டீ ட்ரீ ஜெல், பென்சாயில் பெராக்சைடு என்ற வழக்கமான பருமருந்தை அதே அளவில் பூசுவதைவிட மெதுவாக, ஆனால் குறைவான எரிச்சலோடு வேலை செய்தது என்று 1990இல் ஆஸ்திரேலியாவில் காட்டினார்கள். இவை எல்லாவற்றிலும் எண்ணெய் உடம்பின் வெளிப்புறத்தில், அளந்த செறிவில், கரைவதற்கு வழிசெய்யப்பட்ட நிலையில் இருக்கிறது.

ஆராய்ச்சியில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது எண்ணெயையும் ஆன்டிபயாடிக்கையும் சேர்த்துக் கொடுக்கும் முயற்சிதான். சவ்வைச் சற்றே தளர்த்தும் அளவுக்கு எண்ணெயின் ஒரு கூறு இருந்தால், வெளியே தள்ளப்பட்டுக்கொண்டிருந்த மருந்து உள்ளே தங்கக்கூடும். இரண்டையும் குறுக்கும் நெடுக்குமாகப் பல அளவுகளில் சதுரங்கப் பலகைபோல் கலந்து பார்த்து, ஒவ்வொன்றும் தனியாகத் தேவைப்பட்ட அளவில் கால் பங்கோ அதற்கும் குறைவோ போதுமானால் கூட்டு விளைவு இருக்கிறது என்று கொள்கிறார்கள். பல இணைகளில் இப்படிக் கிடைத்திருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து வேலைசெய்யும் இரண்டு பொருட்கள் உடம்பில் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும். ஒன்று சில நிமிடங்களில் கல்லீரலில் கரைந்து, மற்றொன்று பல மணி நேரம் இரத்தத்தில் நின்றால் அந்தக் கூட்டு உடைந்துபோகும்.

குப்பிக்குள் இருப்பது என்ன என்பதும் சாதாரணக் கேள்வியல்ல. ஒரே செடி, விளைந்த இடத்தையும் வகையையும் பொறுத்து வேறு வேறு எண்ணெயைத் தருகிறது. தைம் செடியில் தைமால் மிகுந்த வகையும் உண்டு, தைமால் ஏறத்தாழ இல்லாத வகையும் உண்டு. டீ ட்ரீக்கு உலகத் தரநிலை இருக்கிறது. டெர்பினென்-4-ஓல் 35 முதல் 48 விழுக்காடு இருக்க வேண்டும் என்று அது வரையறுக்கிறது. சிராங்கூன் சாலைக் கடைகளில் வரிசையாக அடுக்கியிருக்கும் குப்பிகளைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தால் செடியின் பெயர் இருக்கும், “100 விழுக்காடு சுத்தமானது” என்றிருக்கும், எந்தக் கூறு எத்தனை விழுக்காடு என்று பெரும்பாலும் இருக்காது. நம் ஊர் வெப்பத்தில் திறந்த குப்பியைச் சன்னலோரம் வைத்தால் எண்ணெய் காற்றோடு சேர்ந்து மாறுகிறது. மாறிய எண்ணெய் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புவதில் புதியதைவிடக் கெட்டிக்காரத்தனம் காட்டும். கருநிறக் குப்பியில், மூடியை இறுக்கி, குளிரான இடத்தில் வைப்பது நல்லது.

குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரில் 1965 முதல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில், சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதியின் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். அக்குறைபாடு உள்ள குழந்தைகளின் பக்கத்தில் பாச்சை உருண்டையையும் கற்பூரம் கலந்த தைலங்களையும் கொண்டுபோகக் கூடாது என்று பெற்றோரிடம் அப்போதே சொல்லிவிடுகிறார்கள், ஏனெனில் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை கடுமையாகும் ஆபத்து இருக்கிறது. யூகலிப்டஸ் எண்ணெயை விழுங்கிய குழந்தைகளுக்கு வலிப்பும், கிராம்பு எண்ணெயை விழுங்கியவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பும் வந்திருக்கின்றன. பாட்டி கொடுத்த ஓமத் தண்ணீரும் ஒரு குப்பி ஓம எண்ணெயும் ஒன்றல்ல. முன்னதில் இருப்பது மிக மிகச் சிறிய பங்கு.

ஒரு கேள்வி மட்டும் இன்னும் திறந்தே இருப்பதாக நினைக்கிறேன். மூக்கிலிருந்து எம்.ஆர்.எஸ்.ஏ.வை அகற்ற நாம் பெரிதும் நம்பியிருக்கும் மியூபிரோசினுக்கே அடங்காத வகைகள் பல நாடுகளில் தலைதூக்கியிருக்கின்றன, அதை அதிகமாகப் பயன்படுத்தும் இடங்களில் வேகமாகவே. அத்தகைய வகைகளும் ஆய்வுக்கூடத்தில் டீ ட்ரீ எண்ணெய்க்கு அடங்குகின்றன. 2004ஆம் ஆண்டுச் சோதனையில் மூக்கில் மியூபிரோசினிடம் தோற்ற அந்த 47 விழுக்காடு, மியூபிரோசின் வேலையே செய்யாத நோயாளியிடம் தோல்வியாகாது. வந்து சேரும் ஒவ்வொருவரையும் துடைத்துச் சோதிக்கும் வழக்கமும், கிருமியின் வகையை உடனுக்குடன் அறியும் ஆய்வுக்கூடங்களும் இருக்கும் இந்த ஊரில், அப்படிப்பட்ட நோயாளிகளை மட்டும் தனியே எடுத்து, தரநிலைப்படி செய்த களிம்பை வைத்து ஒழுங்கான சோதனை ஒன்றை நடத்த முடியும். நடந்தால் அதன் குச்சிகளை வாசிக்க நான் ஆர்வமாகவே உட்காருவேன்.